தாய் தீமில் கை வைத்தவர்

"எல்லாம் அதுவே செய்யுது, நீ என்னத்த செய்யற?" என்று என் கணவர் பூவரசன் முதல் தடவை கேட்டபோது காதில் வாங்காத மாதிரி வேலையைப் பார்த்தேன். அடுத்த தடவை சிரித்துச் சமாளித்தேன். அதற்கடுத்த தடவை கடையில், வாடிக்கையாளர் முன்னால் வைத்துக் கேட்டார். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. இறங்கவேண்டும் என்ற ஆசையும் இல்லை.

கடை என்னுடையது. பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், உரக்கடைக்கு மேலே ஒரு அறை. தருமபுரியில் பி.சி.ஏ. முடித்த கையோடு, வீட்டில் கல்யாணப் பேச்சு எடுப்பதற்கு முன்பே நான் ஆரம்பித்தது. வெப்சைட் செய்து கொடுப்பேன். ஒகேனக்கல்லில் லாட்ஜ் வைத்திருப்பவர்கள், மெஸ் நடத்துபவர்கள்தான் பெரும்பாலும் என் வாடிக்கை. பூவரசன் அப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் இருந்தார். கம்பெனிக்காரர்கள் அவர் இருந்த பிரிவையே ஒருநாள் இழுத்து மூடிவிட்டார்கள். மனிதர் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. "வேற வேல கெடைக்கற வரைக்கும் கடையில வந்து உக்காருங்க" என்று கூப்பிட்டது நான்தான். பாவம் பார்த்தேன்.

வந்த புதிதில் டீ வாங்கி வந்தார், கூட்டிப் பெருக்கினார், நல்ல மனுஷனாகத்தான் இருந்தார். பிறகு போனை எடுத்துப் பேச ஆரம்பித்தார். ஆண் குரல் கேட்டதும் லாட்ஜ்காரர்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது. "சார் இருக்காருங்களா?" என்று கேட்டுக்கொண்டே படியேறி வந்தார்கள். எனக்கு மேடம் என்ற பட்டம் கிடைத்தது. அந்த மேடத்திடம் அவர்கள் கேட்டதெல்லாம் தண்ணீர் பாட்டிலும் டீயும்தான். நான் கணினியில் வேலை செய்துகொண்டே இருப்பேன். இவர் பக்கத்தில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "பண்ணிடலாங்க, நாளைக்கு ரெடி" என்பார். அவர்கள் இவரைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அப்புறம் விசிட்டிங் கார்டு வந்தது. அதில் என் பெயர் இல்லை. அப்புறம் வாசல் பலகை மாறியது. 'கோகிலா வெப் டிசைன்' இருந்த இடத்தில் 'பூவரசன் வெப் சொல்யூஷன்ஸ்'. என்னங்க இது என்று கேட்டேன். "குடும்பத்துக்கு ஒரு பேர்தானடி" என்றார். ஒரு பெயர்தான் என்றால் அது என் பெயராகவே இருந்துவிட்டுப் போயிருக்கலாமே. இதை வாய்விட்டுக் கேட்டேன். என் மாமியார் சின்னம்மாள் குறுக்கே வந்து, "ஆம்பளைக்கு ஊர்ல ஒரு பேர் வேணுமில்ல கண்ணு" என்று முடித்துவைத்தார்.

'அதுவே எல்லாம் செய்யுது' என்று இவர் சொன்ன 'அது' என்னவென்று சொல்லிவிடுகிறேன். அதில்தான் விஷயமே இருக்கிறது.

ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் வெப்சைட்டைத் தனித்தனியாக, முதல் வரியிலிருந்து எழுதினேன். அது தொழில் இல்லை, தண்டனை. கர்நாடகாவில் அணை நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்டால் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டத் தடை வரும். உடனே எல்லா லாட்ஜ்காரர்களும் எனக்குப் போன் செய்வார்கள். "சைட்ல போட்டு வுடும்மா, வந்து பாத்துட்டு எங்களத் திட்டறாங்க." ஒவ்வொரு சைட்டாகத் திறந்து, எங்கே எழுதினேன் என்று தேடி, போட்டு முடிப்பதற்குள் ஆற்றில் தண்ணீர் வடிந்து தடையை எடுத்திருப்பார்கள். திரும்பவும் முதலிலிருந்து ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். செல்போனில் ஒரு சைட் கோணிக்கொண்டு தெரிந்தால், அதைச் சரிசெய்தது இன்னொன்றுக்கு உதவாது. கண் எரிய எரிய அந்த வேலையைச் செய்தேன்.

அதற்குப் பிறகுதான் வெப்சைட்டுக்கு ஆயத்தச் சட்டகமாகக் கிடைக்கும் தீம் ஃப்ரேம்வொர்க்குக்கு மாறினேன். மாறுவதற்கு முன்னால் படித்துப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு கோடைக்காலம் முழுக்கப் போனது. அடியில் தாய் தீம் ஒன்று இருக்கும். பக்கம் எப்படி விரிய வேண்டும், செல்லில் எப்படிச் சுருங்க வேண்டும், படம் எப்படிச் சீக்கிரம் திறக்க வேண்டும் என்ற எலும்பு வேலையெல்லாம் அதில். அதன்மேல் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பிள்ளை தீம். நிறம், எழுத்து, ரூம் படம், போன் நம்பர், பெங்களூர்க்காரர்களுக்கான கன்னடப் பக்கம் எல்லாம் பிள்ளையில். பிள்ளை ஒன்றைச் சொன்னால் பிள்ளை சொன்னதுதான் நடக்கும். பிள்ளை சொல்லாமல் விட்டதைத் தாய் பார்த்துக்கொள்ளும். தாய்க்குப் புதுப் பதிப்பு வந்தால் தைரியமாக ஏற்றலாம். பிள்ளையில் நான் செய்து வைத்தது எதுவும் கலையாது.

எல்லா சைட்டுக்கும் தலையில் ஒரு பட்டையைத் தாய் தீமிலேயே பொதுவாக விட்டிருந்தேன். பரிசலுக்குத் தடை என்றால் அங்கே ஒரே வரி, எல்லா லாட்ஜ் சைட்டிலும் தெரியும். தடை போனால் அழித்துவிடலாம், எல்லாவற்றிலும் போய்விடும். "பெரியண்ணன் லாட்ஜோடது மாதிரி என்னோடது இருக்கக் கூடாது" என்று இன்னொரு லாட்ஜ்காரரான தமிழ்மணி அடம்பிடித்தார். "தமிழ்மணியோடது மாதிரி எனக்கு வேணாம்" என்று பெரியண்ணன் மாமா முறுக்கிக்கொண்டார். இரண்டு பேருக்கும் வேறு வேறு சட்டை தைத்துப் போட்டேன். உள்ளே எலும்பு ஒன்றுதான் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

இவ்வளவையும் நான் ஒழுங்காகச் செய்து வைத்திருந்ததால்தான் நான் ஒன்றுமே செய்யாத மாதிரி தெரிந்தது. சோறாக்குகிறவளைப் பார்த்து, குக்கர்தானே ஆக்குது என்று கேட்பார்களே, அதே கேள்விதான் இது. குக்கரில் அரிசி யார் போட்டது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே பூவரசன் ஆரம்பித்தார்.

"ஆவணியிலருந்து நீ கடைக்கு வர வேணாம். நானும் தமிழ்மணியும் பாத்துக்கறோம்."

"தமிழ்மணி எதுக்குங்க?"

"பார்ட்னர் சேத்துக்கலாம்னு இருக்கறன். அவனுக்கு நாலு பேரத் தெரியும். ஒகேனக்கல் முழுக்க நம்ம கைக்கு வந்துரும்."

"என் கடைக்குப் பார்ட்னர் சேக்கறதுன்னா என்கிட்ட கேக்க வேணாமா?"

"இப்ப கேக்கறன் இல்ல? எல்லாம் ரெடியா இருக்குது. கலர் மாத்தி, போட்டோ மாத்திக் குடுக்கறதுக்கு ரெண்டு ஆளு எதுக்கு? அதுவே எல்லாம் செய்யுது."

சட்டியைக் கீழே வைத்த வேகத்தில் குழம்பு என் கையிலேயே தெறித்தது. முடியாது என்றேன். அவர் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். எங்கள் வீட்டில் ஒரு ஆண் பேசாமல் எழுந்துபோனால் விஷயம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் முதல் என் மாமியார், ஆவணிக்குப் பிறகு வீட்டு வேலையை எப்படிப் பிரித்துக்கொள்ளலாம் என்று என்னிடம் பேச ஆரம்பித்துவிட்டார். என் கடை என் கையைவிட்டுப் போவதற்கு ஆடி மாதம் மட்டும்தான் பாக்கி இருந்தது.

ஆடியில் எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். அந்த வாரம் கேழ்வரகு இடிப்பதிலிருந்து கருவாட்டுக் குழம்பு வரை வீட்டுப் பெண்களின் தலையில்தான். அதே நேரம்தான் லாட்ஜ்காரர்களுக்கும் உச்சம். பதினெட்டாம் பெருக்குக்கு ஒகேனக்கல்லில் ரூம் கிடைக்காது. போன வருஷங்களில் நான் கூழையும் பார்த்து, ஓடி வந்து கடையையும் பார்ப்பேன். இந்தத் தடவை பூவரசன் பெரிய மனது செய்தார். "நீ வூட்ல இரு, நான் பாத்துக்கறன்" என்றார். அசதியில் நானும் சரி என்றுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலடியில் அண்டாவைச் சுற்றி நின்றுகொண்டிருந்தபோது ஷகிலாக்கா போன் செய்தார். ஒகேனக்கல்லில் மெஸ்ஸும், அதற்கு மேல் சில அறைகளும் வைத்திருப்பவர். கணவர் இறந்த பிறகு தனியாகத்தான் நடத்துகிறார். பெருக்குச் சமயத்தில் அந்த அறைகள் நிறைந்தால்தான் அவருக்கு அந்த வருஷம் ஓடும். அவர் சைட்டை நான் செய்யும்போது, கன்னடப் பக்கத்தில் என் எழுத்துப் பிழையைத் திருத்திக்கொடுத்தது அவர்தான்.

"கோகிலா, என் சைட்டுல தமிழ்மணி நம்பர் எதுக்கும்மா இருக்குது?" என்றார்.

"உங்க சைட்டுலயாக்கா? இருக்காதே."

"தொறந்து பாரு. போன வருஷம் இந்நேரம் எனக்குப் போனைக் கீழ வெக்க முடியல. இப்ப நாலு நாளா சத்தமே இல்ல. எம்பையன் பாத்துட்டுச் சொல்றான், மேல பச்சையா ஒரு பட்டன் இருக்குதாம், அமுக்குனா தமிழ்மணி லாட்ஜுக்குப் போகுதாம்."

கையைத் துடைத்துக்கொண்டு செல்லில் திறந்தேன். ஷகிலாக்காவின் சைட்டில், தலையில் இருக்கும் பொதுப் பட்டையில், 'ரூம் புக்கிங்குக்கு உடனே அழைக்கவும்' என்று கொட்டை எழுத்தில் ஒரு பச்சைப் பட்டன். பெரியண்ணன் மாமா சைட்டைத் திறந்தேன். அங்கேயும் அதே. நான் செய்துகொடுத்த ஒவ்வொரு லாட்ஜின் தலையிலும் தமிழ்மணியின் நம்பர் உட்கார்ந்திருந்தது. அவரவர் நம்பர் அடியில் அப்படியேதான் இருந்தது. மேலே பச்சையாக ஒரு பட்டன் இருக்கும்போது எவன் அடிவரை போய்த் தேடுவான்?

என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. தமிழ்மணி, என் நம்பரைப் பெரிதாகத் தலையில் போட்டுக் கொடு என்று கேட்டிருப்பார். இவர் செல்லில் எப்படிச் செய்வது என்ற வீடியோ எதையாவது பார்த்துக்கொண்டே, போடவேண்டிய பிள்ளை தீமை விட்டுவிட்டுத் தாய் தீமில் கை வைத்திருக்கிறார். தமிழ்மணி சைட்டைத் திறந்து பார்த்ததும் பட்டன் வந்திருக்கும். இரண்டு பேரும் தட்டிக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இன்னொரு சைட்டைத் திறந்து பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எல்லாம் 'அதுவே' செய்துவிடும் என்று நம்பினவர் அல்லவா. அந்த இடத்திலேயே கரண்டியை என் நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு, மாமியார் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

நான் படியேறும்போதே மேலே சத்தம் கேட்டது. பெரியண்ணன் மாமா முன்னால் நின்றுகொண்டிருந்தார். என் மாமனார் ஊர்க்காரர், வயதில் பெரியவர், ஒகேனக்கல்லில் பழைய லாட்ஜ். அவருக்குப் பின்னால் இன்னும் சில லாட்ஜ்காரர்கள். பூவரசன் என் நாற்காலியில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. எனக்கு ஒரு நொடி, நம்மைப் பார்த்து நிம்மதியாகிறாரே என்று தோன்றிவிட்டது. அடுத்த நொடி அவர் வாயைத் திறந்தார்.

"ஏ, என்னத்தடி மாத்தி வெச்சுட்டுப் போன? இவங்கெல்லாம் வந்து நிக்கறாங்க பாரு."

"நான் இந்த வாரம் கடைப் பக்கமே வரலிங்க."

"அதுக்கு முன்னாடி பண்ணி வெச்சிருப்ப." அவர் பெரியண்ணன் மாமாவிடம் திரும்பினார். "இவ ஏதாவது ஒண்ண அமுக்கித் தொலைச்சிருக்கா மாமா. அதனாலதான் ஆவணியிலருந்து நானே பாத்துக்கறன்னு சொல்லிட்டன்."

"அதுதான் சரி. பொம்பளைங்க கையில வுட்டா இப்படித்தான். நீங்களே கொஞ்சம் பாத்து எடுத்து வுடுங்க சார்" என்றார் பெரியண்ணன் மாமா.

என் காது இரண்டும் கொதித்தன. நான் கட்டி எழுப்பினதை உடைத்தவர், உடைத்த கையை என் முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார். அதுவும் என் கடையில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு வசதியாகப் போயிருக்கும். சுவரோரம் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"சார் பாக்கட்டும்" என்றேன்.

எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் கூடி நின்று பார்த்தார்கள். அவர் ஒன்றைத் திறந்தார், மூடினார். இன்னொன்றைத் திறந்தார். தாய் தீமில் கோப்பு கோப்பாக இருக்கும். தான் எதில் கை வைத்தோம் என்றே அவருக்கு மறந்துபோயிருந்தது. கழுத்தில் வியர்வை ஓடியது. கடைசியில் தலையைத் திருப்பாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"கோகிலா, அது எங்க இருக்குது?"

எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"அதுவேதான எல்லாம் செய்யுதுங்க. அதுகிட்டயே கேளுங்க."

பெரியண்ணன் மாமா என்னை முறைத்தார். "என்னம்மா பேச்சு இது, பொழப்பு நாறிக்கெடக்குது" என்றார். நாறட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. உண்மையாகவே தோன்றியது. இத்தனை நாளாக என்னிடம் டீ கேட்டவர்கள்தான் எல்லோரும். பெருக்கு முடிகிற வரைக்கும் அப்படியே விட்டுவிடலாம், தமிழ்மணியே எல்லோரையும் தங்கவைத்துக்கொள்ளட்டும், பையை எடுத்துக்கொண்டு கூழுக்கே போய்விடலாம் என்று எழுந்துவிட்டேன்.

அப்போது ஷகிலாக்கா மூச்சு வாங்கப் படியேறி வந்தார். ஒகேனக்கல்லிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். மற்றவர்களை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தமிழ்மணி கிட்ட நேராவே போய்க் கேட்டுட்டன் கோகிலா. 'எனக்கு என்னக்கா தெரியும், போன் வருது, எடுக்கறன்'னு சிரிக்கறான். அவன் லாட்ஜுல மொட்டை மாடியிலகூட பாய் போட்டு வுட்டிருக்கறான். என் ரூமெல்லாம் பெட்ஷீட் மாத்துன வாக்குல அப்படியே கெடக்குது. இத வுட்டா எனக்கு அடுத்த ஆடிதான். நீதான் செஞ்சு குடுத்த, நீதான் பாத்துக் குடுக்கணும்."

நீதான் செஞ்சு குடுத்த. அந்தக் கடைக்குள் இந்த வார்த்தையைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று எனக்கு நினைவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது, இந்த ஆட்கள் முன்னாலா என்று.

பூவரசனிடம் போய், "எந்திரிங்க" என்றேன். எழுந்தார்.

ஷகிலாக்காவின் பிள்ளை தீமை மட்டும் திறந்தேன். தலையில் இருக்கும் பட்டையில் பட்டனுக்கு மட்டும் இந்தப் பிள்ளை சொன்னதே கணக்கு என்று எழுதி, அவர் நம்பரைப் போட்டு, தமிழிலும் கன்னடத்திலும் ஒரு வரி சேர்த்தேன். அவர் தன் செல்லில் திறந்து பார்த்தார். பச்சைப் பட்டனில் அவர் நம்பர் வந்திருந்தது. இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை, கையிலேயே போன் அடித்தது.

"ஹலோ... ரூம் இதெ சார், பன்னி பன்னி" என்று, ரூம் இருக்கிறது வாருங்கள் என்பதைக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் போனார். நாலு நாளைக்குப் பிறகு வந்த போன்.

பெரியண்ணன் மாமா தொண்டையைக் கனைத்தார். "எங்களுக்கும் அப்படியே போட்டு வுடச் சொல்லுங்க சார்" என்றார், பூவரசனைப் பார்த்து.

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"யார்கிட்ட கேக்கறீங்க மாமா?"

அவர் புரியாமல் பார்த்தார்.

"ஷகிலாக்கா என்கிட்ட கேட்டாங்க, போட்டுக் குடுத்தன். உங்களுக்கு வேணும்னா நீங்களும் என்கிட்ட கேளுங்க. நீங்க சைட்டு கேட்டு மொதல்ல இந்தப் படியேறுனப்ப இங்க இந்தச் சார் கிடையாது. ஓசூர்ல இருந்தாரு. பரிசல் தடைன்னு நீங்க போன் பண்ணப்பல்லாம் எடுத்தது யாரு?"

"அது தெரியும் பாப்பா, நான் சும்மா..."

"சும்மா எதுக்கு மாமா பொம்பளைங்க கையில வுட்டா இப்படித்தான்னு சொன்னீங்க?"

பூவரசனுக்குத்தான் பொறுக்கவில்லை. வாடிக்கையாளர் முன்னால் நான் குரலை உயர்த்துவது அவருக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும்.

"எதுக்குடி ஒவ்வொருத்தரா நிக்க வெக்கற? தாய் தீம்ல அந்த ஒரு எடத்துல எடுத்துட்டாப் போதுமே, எல்லாருக்கும் போயிருமில்ல?"

"போயிரும். தாய் தீம்லதான் இருக்குதுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

அவர் வாயை மூடினார். ஆனால் பேச்சு வெளியே வந்துவிட்டது. பெரியண்ணன் மாமா மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். கல்யாணப் பந்தலில் பந்தியை நிறுத்துகிற மாதிரி ஒரு பார்வை.

"நீதான் போட்டியா?" என்றார். சாரும் போனது, போட்டீங்களாவும் போனது.

"தமிழ்மணி கேட்டான் மாமா. அவனுக்கு மட்டும்தான் போட்டன். அது எல்லாத்துக்கும் போயிரும்னு..."

"தெரியாதா?"

"தெரியலிங்க."

"தெரியாமத்தான் இந்தப் புள்ள மேல பழி போட்டியா?"

சற்றுமுன் கண்ணில் முட்டிய அழுகை இப்போது வரவில்லை. வந்தது இன்னும் கொஞ்சம் கோபம்தான். பெரியண்ணன் மாமா மேலும். இவர் சொன்னால்தானே என் பக்க நியாயம் நியாயமாகிறது. கால் மணி நேரத்துக்கு முன்னால் இதே வாய்தானே வேறு மாதிரிப் பேசியது.

"ஒரே எடத்துல எடுத்தா ஒரே நிமிஷம்தான் ஆகும்" என்றேன், எல்லோரையும் பார்த்து. "அது எனக்கும் தெரியும். எடுத்துட்டா நீங்கெல்லாம் சாருக்கு ஒரு கும்புடு போட்டுட்டு எறங்கிப் போயிருவீங்க. அதனாலதான் எடுக்கல. உங்க ஒவ்வொருத்தர் சைட்டும் தனிப் பிள்ளையா நான் செஞ்சு வெச்சிருக்கறன். தாய் தீம்ல யாரு என்ன போட்டாலும் இனிமே உங்களோடது கலையாத மாதிரி இப்ப செஞ்சு குடுக்கறன். யாருக்கு வேணுமோ என்கிட்ட வந்து கேளுங்க. என் பேரு கோகிலவாணி."

முதலில் பெரியண்ணன் மாமாதான் வந்தார். மேசைக்குப் பக்கத்தில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கும் போட்டுக் குடும்மா கோகிலா" என்றார். சொல்வதற்கு அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. எனக்குப் பாவமாக இல்லை. அவருடைய பிள்ளை தீமைத் திறந்து நம்பரைப் போட்டேன். கூடவே, "உங்க ரூம் படமெல்லாம் பழசு மாமா, புதுசா எடுத்து எனக்கு அனுப்புங்க" என்றேன். எனக்கு என்று அழுத்திச் சொன்னேன். சரிம்மா என்றார்.

அவருக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். ஒருவர் கேட்கக் கூச்சப்பட்டு, ஷகிலாக்காவை விட்டுக் கேட்கச் சொன்னார். "உங்களுக்கு வாயில்லையா?" என்று அக்காவே திருப்பி அனுப்பிவிட்டார். ஒவ்வொருவர் சைட்டிலும் அவரவர் நம்பர் ஏறி, ஒவ்வொருவர் செல்லும் அந்த அறைக்குள்ளேயே அடிக்க ஆரம்பித்தது. தமிழும் கன்னடமும் கலந்து ஒரே இரைச்சல். அந்த இரைச்சலில் பூவரசன் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, டீ உட்பட.

எல்லாம் முடிந்த பிறகு தமிழ்மணியின் பிள்ளை தீமையும் திறந்தேன். தன் சைட்டின் தலையில் தன் நம்பர் வேண்டும் என்று அவர் கேட்டது தப்பில்லை. அது இருக்கவேண்டிய இடம் அதுதான். அங்கே போட்டேன். பிறகு தாய் தீமுக்குள் போய், பூவரசன் கை வைத்த அந்த வரியை எடுத்தேன். கடைசியாக உள்ளே நுழையும் பாஸ்வேர்டை மாற்றினேன். மாற்றும்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். உடம்பால் மறைத்துக்கொண்டுதான் அடித்தேன்.

எல்லோரும் இறங்கிப் போனார்கள். ஷகிலாக்கா போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கீழே உரக்கடையில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. பூவரசன் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

"ஆளுங்க முன்னாடி என்ன அசிங்கப்படுத்திட்ட" என்றார்.

"பொய் சொன்னது நானா?"

"ஒரு தப்பு நடந்து போச்சு. அதுக்கு இப்படியா? சரி வுடு. பாஸ்வேர்டு மாத்துனியே, அதச் சொல்லு."

"எதுக்குங்க?"

"எதுக்கா? நாளைக்கு நான் கடையத் தொறந்தா என்ன பண்றது?"

"கடைய நான் தொறப்பன்."

"அப்ப நான்?"

நான் அடுத்த வேலையைத் திறந்தேன். பெரியண்ணன் மாமா வீட்டுக்குப் போவதற்குள்ளேயே ரூம் படங்களை எனக்கு அனுப்பியிருந்தார். பூவரசன் மேசையில் கையை ஊன்றிக் குனிந்தார். கோபத்தில் குரல் உடைந்திருந்தது.

"நான் உனக்கு யாருடி?"

"புருஷனுங்க" என்றேன். "அது வூட்ல. இங்க நீங்க யாருன்னு எனக்கு இன்னும் தெரியல."